குமுளிக்கு அப்பால் ஒரு வீடியோ அழைப்பு: செவிலியர் பதிவு விதிகளும் எல்லை தாண்டிய தொலைமருத்துவமும்

இந்த ஆய்வில் வரும் நோயாளி 61 வயதுப் பெண். வண்டிப்பெரியாறு பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர்; தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் மகனோடு வசிக்கிறார். நெடுநாள் சர்க்கரை நோயாளி. வலது கால் சுண்டுவிரல் புண்ணாகிக் கறுத்துப்போன நிலையில், கம்பம் பள்ளத்தாக்கில் நான் செவிலியர் கண்காணிப்பாளராகப் பணிபுரியும் தனியார் மருத்துவமனைக்கு வந்தார். விரல் அகற்றப்பட்டு, பன்னிரண்டாம் நாள் வீடு திரும்பினார். அவரையும் இந்நிகழ்வில் தொடர்புடைய இரு செவிலியரையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருத்துவ விவரங்களையும் நடந்தவற்றின் வரிசையையும் மாற்றவில்லை.

கேரளத்தில் வசிப்பவர் தமிழ்நாட்டு மருத்துவமனைக்கு ஏன் வந்தார் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எங்கள் பக்கத்தில் யாரும் கேட்பதில்லை. கோட்டயம் அரசு மருத்துவக் கல்லூரி அவர் வீட்டிலிருந்து நூறு கிலோமீட்டரை ஒட்டிய தொலைவில் இருக்கிறது. குமுளி வழியாக மலை இறங்கிக் கம்பத்துக்கு வர அதில் பாதித் தூரம்கூட இல்லை. சொந்தபந்தமெல்லாம் கீழேதான். மருத்துவரிடம் தன் வலியைத் தன் சொல்லிலேயே சொல்லலாம் என்பது எல்லாவற்றுக்கும் மேலான காரணம். 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவழியாகப் பிரிக்கப்பட்டபோது செங்கோட்டையும் கன்னியாகுமரிப் பகுதியும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. தமிழர் பெருமளவில் வாழ்ந்த தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தோடு நின்றன. அந்தக் கோட்டின் இரு பக்கமும் மக்கள் இன்றும் ஒரே பேருந்தில் போய்வருகிறார்கள். செவிலியர் பதிவேடுகள் மட்டும் கோட்டுக்கு இரு பக்கமும் தனித்தனியே இருக்கின்றன. தமிழ்நாட்டுப் பதிவேடு 1926ஆம் ஆண்டு சென்னை மாகாணச் சட்டத்தின் வழிவந்தது. கேரளப் பதிவேடு 1953ஆம் ஆண்டின் திருவிதாங்கூர்–கொச்சிச் சட்டத்தின் வழிவந்தது. இந்த இரண்டு சட்டங்களும் எழுதப்பட்ட காலத்தில் செவிலியர் என்றால் கட்டிலருகே நிற்பவர். கட்டில் எங்கே இருக்கிறதோ அங்கேதான் செவிலியரும் இருப்பார் என்பதை யாரும் தனியே எழுதி வைக்க வேண்டியிருக்கவில்லை.

தொடர்கவனிப்புத் திட்டம்

வீட்டுக்கு அனுப்பும்போது நாங்கள் வகுத்த திட்டம் எளிமையானது. வாரம் இரண்டு முறை கட்டு மாற்றும் நேரத்தில் வீடியோ அழைப்பு வர வேண்டும். நோயாளியின் பக்கத்தில், தோட்டத்துக்கு அருகிலிருந்த சிறு மருத்துவகம் ஒன்றில் வேலை செய்யும் செவிலியர் கட்டைப் பிரித்துப் புண்ணைக் காட்டுவார். எங்கள் பக்கத்தில் காயப் பராமரிப்பில் பல்லாண்டு அனுபவமுள்ள செவிலியர் அதைப் பார்த்துக் குறிப்பெழுதுவார். தேவைப்பட்டால் அறுவை மருத்துவர் அழைப்பில் இணைவார். வசதிக்காக இனி அவர்களை மலைச் செவிலியர், மருத்துவமனைச் செவிலியர் என்று குறிப்பிடுகிறேன்.

மலைச் செவிலியர் குமுளியில் பிறந்த தமிழ்ப் பெண். தமிழ்நாட்டுக் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. நர்சிங் முடித்து, செவிலியர் பதிவேட்டை வைத்திருக்கும் தமிழ்நாடு கவுன்சிலில் பதிவு செய்தவர். கேரள கவுன்சில் பதிவுக்கு விண்ணப்பித்துக் காத்திருந்தார். மருத்துவமனைச் செவிலியருக்கும் தமிழ்நாட்டுப் பதிவு மட்டுமே உண்டு. ஆக, கேரளத்தில் இருக்கும் ஒரு நோயாளியைச் சுற்றி இரண்டு செவிலியர் இருந்தும், கேரளப் பதிவேட்டில் பெயருள்ளவர் ஒருவர்கூட இல்லை. இதைத் திட்டம் வகுத்த நாளில் நான் கவனிக்கவில்லை. என் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

அந்த இரவு

ஐந்தாம் வாரம், மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், எட்டரை மணி அளவில் மலைச் செவிலியரிடமிருந்து அழைப்பு வந்தது. அன்று கட்டு மாற்றும் நாள் அல்ல. அம்மாவுக்கு உடம்பு வேர்த்துக் கொட்டுகிறது, பேச்சு குழறுகிறது என்று மகன் ஓடி வந்து சொல்ல, அவர் குளுக்கோமீட்டரோடு லயத்துக்குப் போயிருந்தார். சர்க்கரை அளவு 48. மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து, விழுங்க முடிகிறதா என்று பார்த்துப் பார்த்துப் புகட்டிய பிறகுதான் எங்களை அழைத்தார். அது எந்தச் செவிலியரும் செய்திருக்க வேண்டிய முதலுதவி. பதினைந்து நிமிடம் கழித்து அளவு 74க்கு வந்தது.

பணி மருத்துவர் அந்நேரம் சாலை விபத்தில் வந்த இருவரோடு அவசரப் பிரிவில் இருந்தார். அவருக்கு ஆள் அனுப்பிவிட்டு மருத்துவமனைச் செவிலியர் அழைப்பில் தங்கினார். அடுத்துவந்த பன்னிரண்டு நிமிடங்களைத்தான் இந்த ஆய்வு முழுவதும் சுற்றிச் சுற்றி வருகிறது.

அவர் முதலில் இரவு ஊசி எத்தனை மணிக்கு, எவ்வளவு போடப்பட்டது என்று கேட்டார். ஏழு மணிக்கு, 14 யூனிட் என்றான் மகன். டிஸ்சார்ஜ் சீட்டில் இருந்ததும் அதே 14தான். சாப்பாடு குறைவாக இருந்ததா என்று கேட்டதற்கு, பாதிதான் சாப்பிட்டார் என்று பதில் வந்தது. பலர் இங்கேயே நின்றிருப்பார்கள். ஊசி சரி, சாப்பாடு குறைவு, காரணம் கிடைத்துவிட்டது என்று குறித்திருப்பார்கள். அவர் நிற்கவில்லை. “தம்பி, ஊசி போட்டதை அப்படியே எடுத்து கேமராவுக்கு நேரே காட்டுங்க” என்றார். மகன் காட்டியது இன்சுலின் பேனா அல்ல. சிவப்பு மூடி போட்ட சிரிஞ்சு.

“பேனா கீழே விழுந்து உடைஞ்சிருச்சு சிஸ்டர். உள்ள இருந்த மருந்து வீணாகக் கூடாதேன்னு கடையில ஊசி வாங்கி அதுல இழுத்துப் போட்டேன். பதினாலுதான். ஒரு கோடு கூடப் போடல” என்றான்.

அவன் சொன்னதில் பொய் இல்லை. பிழை வேறிடத்தில் இருந்தது. பேனாவுக்குள் இருக்கும் கார்ட்ரிட்ஜில் ஒரு மில்லிலிட்டருக்கு 100 யூனிட் இன்சுலின் இருக்கும். நம் நாட்டில் புட்டியில் விற்கும் இன்சுலின் பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு 40 யூனிட். அதற்காகச் செய்யப்பட்டது சிவப்பு மூடிச் சிரிஞ்சு. 100 யூனிட் மருந்துக்கு உரியது ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சு. கார்ட்ரிட்ஜ் மருந்தைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 14ஆம் கோடுவரை இழுத்தால் உள்ளே போவது 0.35 மில்லிலிட்டர், அதாவது 35 யூனிட். அந்த அம்மாளின் உடலுக்குள் எழுதிய அளவைப் போல இரண்டரை மடங்கு இன்சுலின் இறங்கியிருந்தது. அது வேகமாகவும் நீண்ட நேரமும் வேலை செய்யும் இரு வகை இன்சுலின் சேர்ந்த 30/70 கலவை என்பதால் பாதி இரவு தாண்டியும் வேலை செய்துகொண்டிருக்கும். 74 என்ற எண்ணைப் பார்த்து ஆறுதல் அடைந்து அவரைத் தூங்க விட்டிருந்தால், விடியலில் என்ன நேர்ந்திருக்கும் என்பதை நான் இங்கே எழுத விரும்பவில்லை.

மருத்துவமனைச் செவிலியர் அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் சொன்னவை பதிவில் உள்ளன. நோயாளியைத் தூங்க விடக் கூடாது. கஞ்சியோ ரொட்டியோ மெதுவாகச் செரிக்கும் உணவு இப்போதே கொடுக்க வேண்டும். அளவை மணிக்கொரு முறை பார்க்க வேண்டும். அந்தச் சிரிஞ்சையும் கார்ட்ரிட்ஜையும் யாரும் தொடாமல் எடுத்து வைக்க வேண்டும். மருத்துவர் வரும்வரை அழைப்பைத் துண்டிக்கக் கூடாது. அதற்குள் நிலை மோசமானால் காத்திராமல் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு வண்டி பிடிக்க வேண்டும். அரை நினைவில் இருந்த அம்மாள் ஒருமுறை திரைப் பக்கம் திரும்பி, “ஏன் தாயி தூங்க விடமாட்டேங்கிற?” என்று கேட்டது பதிவில் கேட்கிறது. பிறகு பணி மருத்துவர் வந்து விவரம் கேட்டு, நோயாளியை மருத்துவகத்துக்கு மாற்றி இரவு முழுவதும் கண்காணிக்கச் சொன்னார். மலைச் செவிலியர் உட்கார்ந்தபடியே விடிய விடியப் பார்த்தார். நள்ளிரவில் ஒருமுறை மீண்டும் 66க்கு இறங்கி ஏறியது. காலையில் 132.

எழுத்தாணை

அம்மாள் பிழைத்தார், மகன் நன்றி சொன்னான், யாரும் புகார் கொடுக்கவில்லை. சிக்கல் எங்கள் வீட்டுக்குள்ளிருந்துதான் வந்தது. எல்லா அவசர அழைப்புகளையும் போல இதுவும் மாத ஆய்வுக் கூட்டத்துக்குப் போனது. மருத்துவமனையின் சட்ட ஆலோசகர் கேட்ட கேள்வி இது: மருத்துவர் இணைவதற்கு முன்பான பன்னிரண்டு நிமிடத்தில், கேரளத்தில் இருந்த நோயாளிக்குச் செவிலியச் சேவை வழங்கியவர் கேரளத்தில் பதிவு பெற்றவரா? இல்லை என்றால் அந்தச் சேவை எந்த உரிமத்தின் கீழ் நடந்தது? கெட்ட எண்ணத்தில் கேட்கப்பட்ட கேள்வி அல்ல அது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகார்தாரர் தாம் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். அடுத்த முறை முடிவு வேறாக இருந்தால் மருத்துவமனை நோயாளி வசிக்கும் இடுக்கி மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்தில் நின்று, உங்கள் செவிலியர் இங்கே யார் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

என்னிடம் அன்று பதில் இல்லை. மறுநாள், சட்டக் கருத்து வரும்வரை மாநில எல்லைக்கு அப்பாலுள்ள நோயாளிகளோடு செவிலியர் தனித்துப் பேசக் கூடாது, மருத்துவர் மட்டுமே பேசலாம் என்று எழுத்தாணை வந்தது. செய்தி மலைமேல் போனதும் மருத்துவக உரிமையாளரும் அச்சப்பட்டு, கேரளப் பதிவு கிடைக்கும்வரை செவிலியர் வேலை வேண்டாம், பதிவு மேசையைப் பார்த்துக்கொள் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டார்.

மருத்துவர் மட்டுமே பேசலாம் என்பது நடைமுறையில் யாரும் பேசவில்லை என்றாயிற்று. வெளிநோயாளிப் பிரிவில் நூறு பேர் காத்திருக்கும்போது, வாரம் இருமுறை அரைமணி நேரம் ஒரு புண்ணைத் திரையில் பார்க்க எந்த அறுவை மருத்துவரால் முடியும்? ஒன்பது வாரம் அழைப்பு இல்லை. மகன் தெரிந்த அளவுக்குக் கட்டு மாற்றினான். ஒன்பதாம் வார முடிவில், நாற்றம் தாங்க முடியவில்லை என்று அம்மாளைப் பேருந்தில் கூட்டி வந்தான். புண் எலும்புவரை போயிருந்தது. பக்கத்து விரலையும் எடுக்க வேண்டியதாயிற்று.

அந்த விரல் அழைப்பு நின்றதால்தான் போனது என்று நான் எழுத மாட்டேன். சர்க்கரைக் கால் புண் நல்ல கவனிப்பிலும் கெட்டுப்போவது உண்டு. ஆனால் வாரம் இருமுறை பார்த்துக்கொண்டிருந்த கண்கள் ஒன்பது வாரம் மூடப்பட்டிருந்தன என்பதும், அவற்றை மூடியது நோயோ மழையோ அல்ல என்பதும் உண்மை. அதனால்தான் இந்தக் கோப்பை முழுதாக எழுத முன்வந்தேன்.

சட்டம் உண்மையில் சொல்வது

இந்தியத் தொலைமருத்துவத்துக்கு அடித்தளமான வழிகாட்டு நெறிகள் 2020 மார்ச் 25 அன்று, நாடு முழு ஊரடங்கில் புகுந்த முதல் நாளில் வெளியாயின. 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகளுக்கு ஒரு பிற்சேர்க்கையாக அவை இணைக்கப்பட்டன. மாநிலப் பதிவேட்டிலோ தேசியப் பதிவேட்டிலோ பெயருள்ள மருத்துவர் இந்தியாவின் எந்தப் பகுதியில் உள்ள நோயாளிக்கும் தொலைவழி ஆலோசனை வழங்கலாம் என்று அவை வெளிப்படையாகச் சொல்கின்றன. தேனி மாவட்ட மருத்துவரின் குரல் குமுளிச் சோதனைச் சாவடியைத் தாண்ட அந்த ஒரு வாக்கியம் போதும்.

அதே ஆவணத்தில் செவிலியர் வேறு பெயரில் வருகிறார். ‘சுகாதாரப் பணியாளர்’ என்ற வரையறைக்குள் செவிலியர், கிராம சுகாதாரச் செவிலியர், இடைநிலைச் சுகாதாரப் பணியாளர் ஆகியோர் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். அவருடைய இடம் நோயாளியின் அருகில்: பரிசோதித்து, நோயாளியின் ஒப்புதல் பெற்று, மருத்துவருக்கு விவரம் சொல்லி, மருத்துவர் கூறுவதைச் செய்பவர். திரையின் மறுமுனையில், அதாவது ஆலோசனை தரும் பக்கத்தில் செவிலியர் இருக்கக்கூடும் என்பதை அந்த விதிகள் கற்பனை செய்யவில்லை. அது தவறு என்று சொல்லமாட்டேன். அவை மருத்துவர்களுக்காக மருத்துவர்களின் ஒழுங்காற்று அமைப்பு எழுதிய விதிகள். செவிலியருக்கான அதே வாக்கியத்தை எழுத வேண்டியவர்கள் செவிலியர் பதிவை ஆள்பவர்கள்.

எங்கள் நிகழ்வில் இதனால் ஒரு விந்தையான நிலை உண்டானது. மலைச் செவிலியர் ஆற்றிய பங்கு வழிகாட்டு நெறியில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டது. ஆனால் அவர் பெயர் அம்மாநிலப் பதிவேட்டில் இல்லை. மருத்துவமனைச் செவிலியர் தம் மாநிலத்தில் முறையாகப் பதிவு பெற்று, தாம் பணிபுரியும் கட்டடத்திலேயே அமர்ந்திருந்தார். ஆனால் அவர் ஆற்றிய பங்குக்கு நெறிகளில் பெயர் இல்லை.

மருத்துவமனைச் செவிலியர் சொன்னவற்றைத் தனித்தனியே எடுத்துப் பார்த்தால் என் முடிவு இதுதான். அவர் மருந்து எழுதவில்லை. எழுதியிருந்த அளவை மாற்றவில்லை. சாதனம் சரியா என்று பார்த்தார், பிழையைக் கண்டார், முதலுதவி தொடரச் செய்தார், மருத்துவரை வரவழைத்தார். அவசர நிலையில் முதலுதவியும், நேரில் சிகிச்சை கிடைக்க வழிகாட்டலுமே தொலைவழியில் செய்யத்தக்கவை என்று 2020 நெறிகள் மருத்துவருக்குச் சொல்வதைத்தான் அவரும் செய்தார். மருத்துவர் இணையும்வரை இது மருத்துவமனையின் சிகிச்சைத் திட்டத்தின் ஒரு பகுதியே என்று வாதிடலாம். நான் அப்படித்தான் வாதிட்டேன். ஆனால் ஒரு செவிலியர் நள்ளிரவில் துணிந்து பேசுவதற்குக் கண்காணிப்பாளரின் வாதம் போதாது. விதியே அதைச் சொல்ல வேண்டும். சிரிஞ்சின் மூடி நிறத்தைக் கேட்டது மருத்துவம் அல்ல, செவிலியம். மருத்துவரின் நிழலில் மட்டும் அதற்கு இடம் கொடுத்தால், செவிலியர் தாமே கண்டதைச் சொல்லத் தயங்கி மருத்துவருக்காகக் காத்திருப்பார். அன்று பன்னிரண்டு நிமிடம் காத்திருந்திருந்தால் அந்தச் சிவப்பு மூடியை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

முன்னெழுத்துக்காக ஓராண்டு

மலைச் செவிலியரின் பதிவு ஏன் தாமதமானது என்பது தனியே சொல்ல வேண்டிய கதை. 1947ஆம் ஆண்டின் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டத்தின் 11ஆம் பிரிவு, அங்கீகரிக்கப்பட்ட தகுதி எந்த மாநிலப் பதிவேட்டிலும் பெயர் சேர்க்கப் போதுமானது என்கிறது. படிப்பவர் இதை நாடு முழுவதும் வேலை செய்யலாம் என்று புரிந்துகொள்வது இயல்பு. சட்டம் தருவது பெயர் சேர்க்கும் தகுதியை மட்டுமே; சேர்ந்த பிறகுதான் வேலை. சேர்வதற்குப் பழைய மாநிலக் கவுன்சிலிடமிருந்து என்ஓசி எனும் தடையின்மைச் சான்று, சான்றிதழ் சரிபார்ப்பு, அடையாள ஆவணங்களின் பொருத்தம் எல்லாம் வேண்டும்.

இவருக்கு இடறியது முன்னெழுத்து. தமிழ்நாட்டுக் கல்லூரிச் சான்றிதழில் தந்தை பெயரின் முதல் எழுத்து முன்னால் நின்றது. கேரளத்தில் எடுத்த ஆதாரில் தந்தையின் முழுப்பெயர் பின்னால் நின்றது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் முன்னெழுத்தே இல்லை. மூன்றும் ஒரே பெண் என்று நிறுவ, உறுதிமொழிப் பத்திரம், வட்டாட்சியர் சான்று, மறு விண்ணப்பம் என்று ஓராண்டு போயிற்று. முன்னெழுத்து எழுதும் நம் வழக்கம் வேறு மாநில அலுவலகத்தில் இரண்டு ஆளாகத் தெரியும் என்பது எல்லைப்புறத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்த துன்பம். கல்லூரியில் சேரும் நாளிலேயே எல்லா ஆவணத்திலும் பெயரை ஒரே மாதிரி ஆக்கிக்கொள்ளும்படி நான் இப்போது மாணவியரிடம் சொல்லி வருகிறேன். ஆதாரோடு இணைந்த தனி அடையாள எண்ணைச் செவிலியருக்குத் தரும் தேசியப் பதிவு முறை வந்தபின் சரிபார்ப்பு சற்றே எளிதாகியிருக்கிறது. ஆனால் அந்த எண்ணும் பெயர் பொருந்தினால்தான் கிடைக்கும்.

சேவை நடக்கும் இடம் எது

பிற நாடுகளும் இதே கேள்வியில் முட்டியிருக்கின்றன. அவை எடுத்த இரு வேறு வழிகள் நமக்குப் பயன்படும். அமெரிக்காவில் செவிலியர் பணி நோயாளி இருக்கும் இடத்தில் நடக்கிறது என்பது விதி. அந்த விதி இருக்கும்போது ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஓர் உரிமம் வேண்டும் என்பதால், மாநிலங்கள் தமக்குள் செவிலியர் உரிம உடன்படிக்கை ஒன்றைச் செய்துகொண்டன. 2000இல் சில மாநிலங்களோடு நடைமுறைக்கு வந்த அது, 2018 ஜனவரியில் திருத்திய வடிவில் மீண்டும் தொடங்கி, இன்று பெரும்பாலான மாநிலங்களை உள்ளடக்கியிருக்கிறது. சொந்த மாநிலத்தில் பெறும் பன்மாநில உரிமத்தோடு மற்ற உறுப்பு மாநில நோயாளிகளை நேரிலும் தொலைவழியிலும் கவனிக்கலாம். ஆனால் நோயாளியின் மாநில விதிகளுக்குக் கட்டுப்பட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் எதிர்த்திசையில் போனது. எல்லை தாண்டிய மருத்துவச் சேவை குறித்த அதன் 2011ஆம் ஆண்டு ஆணை, தொலைமருத்துவம் சேவை தருபவர் நிலைகொண்ட நாட்டில் நடப்பதாகவே கருதப்படும் என்கிறது.

இந்திய நிலைக்கு எனக்கு ஐரோப்பிய வழியே ஏற்றதாகப் படுகிறது. நம் மாநிலக் கவுன்சில்கள் தம் பதிவேட்டில் உள்ளவர் மீதே நடவடிக்கை எடுக்க முடியும். தமிழ்நாட்டுச் செவிலியர் தொலைபேசியில் தவறு செய்தால் கேரள கவுன்சில் எதை ரத்து செய்யும்? அவரைக் கேட்க அதிகாரமுள்ளது தமிழ்நாடு கவுன்சில்தான். ஆனால் வண்டிப்பெரியாற்று நோயாளிக்கு அது தெரிந்திருக்க வேண்டும், தெரிந்தால் புகார் தர வழி இருக்க வேண்டும். எனவே எந்த அழைப்பிலும் செவிலியர் தம் பதிவு எண்ணையும் கவுன்சிலையும் முதலில் சொல்வதைக் கட்டாயமாக்காமல் இந்த வழி நியாயமாகாது. மருத்துவர் தம் பதிவு எண்ணைத் தொலைவழி மருந்துச் சீட்டில் காட்ட வேண்டும் என்பது ஏற்கெனவே விதி. செவிலியருக்கும் அதை நீட்டிக்க எந்தத் தடையும் எனக்குத் தெரியவில்லை.

இது புதிய தேவையும் அல்ல. ஆந்திர எல்லைப் பக்கம் சித்தூர் மாவட்டத்து அரகொண்டாவில் 2000ஆம் ஆண்டு மார்ச்சில், அன்றைய அமெரிக்க அதிபர் பில் கிளிண்டன் இணைப்பு வழியே தொடங்கிவைத்த கிராமத் தொலைமருத்துவ மையத்திலிருந்து, இன்று அரசே நடத்தும் இ-சஞ்சீவனிவரை, நோயாளிக்கு அருகில் நிற்பவர் பெரும்பாலும் செவிலியர்தான். இருபத்தைந்து ஆண்டுகளாக அவருடைய கைகளை நம்பி நடந்த ஏற்பாடு இது.

1947 சட்டத்துக்கு மாற்றாக நாடாளுமன்றம் 2023 ஆகஸ்டில் நிறைவேற்றிய தேசிய செவிலியர், பேறுகால உதவியாளர் ஆணையச் சட்டம், மாநிலப் பதிவேடுகளோடு இணைந்த தேசியப் பதிவேட்டை இணையத்தில் நடப்புநிலையில் வைத்திருக்க வழிசெய்கிறது. ஒருவர் பதிவு பெற்றவரா என்பதை எந்த ஊரிலிருந்தும் பார்த்துவிடலாம் என்றால் மலைச் செவிலியர் இழந்தது போன்ற ஓராண்டுகள் மிச்சமாகும். ஆனாலும் மருத்துவருக்கு 2020இல் கிடைத்த வாக்கியம் செவிலியருக்கும் அவர் பணியின் பெயராலேயே எழுதப்பட வேண்டும்.

அழைப்பு மீண்டும் தொடங்கிய விதம்

இரண்டாம் அறுவைக்குப் பிறகு நிர்வாகத்திடம் நான் வைத்த திட்டத்தில் மூன்று மாற்றங்கள் இருந்தன. ஒன்று, எல்லைக்கு அப்பால் போகும் ஒவ்வொரு நோயாளிக்கும் டிஸ்சார்ஜ் அன்றே மருத்துவர் கையெழுத்திட்ட நிலையாணை: எந்த அளவுக்குக் கீழே சர்க்கரை போனால் என்ன செய்வது, புண்ணில் எந்த மாற்றம் கண்டால் யாரை அழைப்பது, எப்போது காத்திராமல் வண்டி ஏற்றுவது. செவிலியர் தனித்துப் பேசும்போது அந்தத் தாளின்படி பேசுகிறார்; தாளில் இல்லாததற்கு மருத்துவரை அழைக்கிறார்; மருந்தளவை எக்காரணத்தாலும் மாற்றமாட்டார். இன்னொன்று, அழைப்பின் தொடக்கத்தில் பெயர், பதிவு எண், கவுன்சில் ஆகியவற்றைச் சொல்லிப் பதிவு செய்வது.

மூன்றாவதைக் கண்டுபிடித்தது நான் அல்ல, மலைச் செவிலியர். கேரளத்தில் 2008ஆம் ஆண்டு வந்த தணிப்புச் சிகிச்சைக் கொள்கையின் பயனாக ஊராட்சிதோறும் வீடு தேடி வரும் பாலியேட்டிவ் செவிலியர் இருக்கிறார். படுக்கையில் கிடப்பவர்களுக்குக் கட்டு மாற்றுவதும் அவர் வேலையில் அடங்கும். அவர் கேரளப் பதிவு உள்ளவர். “அக்கா, அந்த சேச்சி எங்க லயத்துக்கே மாசம் ரெண்டு தடவை வர்றாங்க. நம்ம ஏன் அவங்களைக் கேக்கல?” என்று மலைச் செவிலியர் மருத்துவமனைச் செவிலியரிடம் கேட்டபோதுதான், இவ்வளவு நாளும் எல்லைக்கு அந்தப் பக்கம் நம் ஆள் யார் என்றே தேடினோம், அந்தப் பக்கத்தின் ஆள் யார் என்று கேட்கவில்லை என்பது எங்களுக்கு உறைத்தது. ஊராட்சி ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் கடிதம் மூலம் ஒப்புதல் பெற்றோம். நிலையாணையைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதினோம். இரண்டிலும் மேல்பக்கத்திலேயே சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி இரண்டின் படமும் இருக்கிறது.

நிர்வாகம் எழுத்தாணையை மாற்றியது. பாலியேட்டிவ் செவிலியருக்குத் தமிழ் நன்றாகப் புரியும், பேச்சு கொஞ்சம் தயங்கும். மலைச் செவிலியர் முதல் சில அழைப்புகளில் உறவுக்காரர் என்ற முறையில் பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்த்தார், கட்டைத் தொடவில்லை. அவருடைய கேரளப் பதிவு எண் பிறகு வந்தது. இப்போது அதே மருத்துவகத்தில் செவிலியராகவே இருக்கிறார். நோயாளியின் புண் இரண்டாம் அறுவைக்குப் பின் பதினான்காம் வாரத்தில் மூடியது. எங்கள் படிவத்தில் ‘செவிலியரின் ஆலோசனை: எந்த விதியின் கீழ்’ என்று நானே சேர்த்த ஒரு கட்டம் இருக்கிறது. இதுவரை அதில் நிலையாணையின் எண்ணையும் மருத்துவரின் பெயரையும் எழுதி வருகிறோம்.